மன்னிக்க முடியவில்லை என்ற ஹியூ தாம்ப்சனுக்கு

அன்புள்ள தாம்ப்சன்,

உங்களைப் பற்றி எழுதுகிற எல்லாரும் வியட்நாமின் மை லாய் கிராமத்தில், அமெரிக்க ராணுவ விமானியான நீங்கள் ஹெலிகாப்டரை இறக்கிய இடத்துக்குத்தான் நேராகப் போகிறார்கள். 1968 மார்ச் 16 அன்று, பதுங்குகுழியில் ஒளிந்திருந்த வியட்நாம் கிராமத்து ஜனங்களுக்கும் ஊர் ஜனங்களைச் சுட்டுக் கொன்றபடி அவர்களை நோக்கி வந்த உங்கள் நாட்டுச் சிப்பாய்களுக்கும் நடுவில் இறங்கி, இவர்கள் அந்த ஜனங்களைச் சுட்டால் இவர்களையே சுடுங்கள் என்று கூட வந்த இருவரிடமும் சொல்லிவிட்டு நடந்து போனீர்களே, அது. சரி, 24 வயதில் அந்தத் துணிச்சல் யாருக்கு வரும்!

ஆனால் எனக்கு மனதில் தைத்தது அதற்கு முன்னால் நடந்ததுதான். காயம்பட்டுக் கிடந்தவர்களை மேலிருந்து பார்த்து, தரையில் இருக்கும் நம் ஆட்கள் வந்து கவனிப்பார்கள் என்று நம்பி, பக்கத்தில் புகைக்குண்டு போட்டு அடையாளம் காட்டினீர்கள். அப்படிக் காட்டிய ஒரு பெண்ணிடம் ஒரு கேப்டன் வந்தார், காலால் தட்டிப் பார்த்தார், சுட்டார். நீங்கள் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. குடி, கெட்ட கனவு, மணமுறிவு என்று பின்னால் வந்ததெல்லாம் இங்கேதான் தொடங்கியிருக்கும் என்று நினைக்கிறேன்.

அப்புறம் ராணுவம் உங்களுக்குக் கொடுத்த அந்தப் பதக்கம். பிணங்கள் கிடந்த வாய்க்காலிலிருந்து உங்களோடு பறந்த ஆண்ட்ரியோட்டா தூக்கி வந்த குழந்தையை, கடும் துப்பாக்கிச் சண்டைக்கு நடுவே நீங்கள் மீட்டதாகச் சான்றிதழில் எழுதிவிட்டார்கள். சண்டையா? வியட்நாம் கணக்குப்படி அன்று செத்தவர்கள் 504 பேர், குழந்தைகள் உட்பட. அந்தப் பதக்கத்தைத் தூக்கி எறிந்தீர்கள், நல்ல வேலை செய்தீர்கள். சாட்சி சொன்னதற்கு உங்கள் வீட்டு வாசலில் செத்த பிராணிகளைப் போட்டார்கள். அன்று சுட்ட படைப்பிரிவை நடத்திய லெப்டினன்ட் வில்லியம் காலியோ, 22 கொலைகளுக்கு ஆயுள் தண்டனை பெற்றும், பெரும்பாலும் வீட்டுக்காவலிலேயே இருந்துவிட்டு மூன்றரை வருடம்போல வெளியே வந்தார்.

1998இல் நீங்கள் திரும்பப் போனபோது, அன்று உயிர்தப்பிய ஒரு பெண்மணி, சுட்டவர்களும் உங்களோடு வந்திருந்தால் மன்னித்திருப்போமே என்றார். அவ்வளவு பெரிய மனசு எனக்கில்லை, பொய் சொல்லவும் மாட்டேன் என்றீர்கள், கொஞ்சம் கூச்சத்தோடு. எதற்குக் கூச்சம்? மன்னிக்கிற உரிமை அந்த அம்மாவுக்கு உண்டு, மன்னித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை. காலி ஊரறிய வருத்தம் தெரிவித்ததே 2009இல், நீங்கள் இறந்து மூன்று வருடம் கழித்துத்தான்.