செத்துப்போன உயிர் உரத்தைத் தராதீர்கள்

தோட்டக்கலை, வேளாண் துறை அதிகாரிகளுக்கு வணக்கம்.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய் போடும் செம்மண் காட்டுக்காரன் எழுதுகிறேன். பயிருக்குச் சத்து சேர்க்கும் நுண்ணுயிர் கலந்த உயிர் உரத்தைப் பற்றி எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான். அதனால்தான் வருத்தமும் அதிகம்.

தக்காளி நடவுக்கு முன் நாற்றின் வேரை நனைக்க அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா என்ற இரண்டு உயிர் உரங்களை வாங்கப் போன வாரம் உங்கள் துறை டெப்போவுக்குப் போனேன். தகரக் கூரைக்குக் கீழே, வெயில் விழும் ஜன்னலோரம் பெட்டியோடு கிடந்தன. பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் காலாவதியாகி இரண்டு மாதம். உள்ளே தூள் காய்ந்து கட்டிதட்டிப் போயிருக்கிறது. கேட்டதற்கு, "கொண்டுபோய்ப் போடுங்க, ஒண்ணும் ஆகாது" என்றார்கள்.

யூரியா மூட்டை நாலு மாதம் கிடந்தாலும் யூரியாதான். இது உயிருள்ள சரக்கு. காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கவும், மண்ணில் கரையாமல் கிடக்கும் மணிச்சத்தைக் கரைத்துக் கொடுக்கவும் அந்த நுண்ணுயிர் முதலில் உயிரோடு இருக்க வேண்டாமா? வெயிலில் வெந்து செத்ததைத் தொழு உரத்தில் கலந்து தூவினால், காசும் கூலியும்தான் வீண். விளைச்சல் குறைந்ததும் பக்கத்துக் காட்டுக்காரர் "இயற்கை உரமெல்லாம் ஏமாத்து வேலை" என்கிறார். அந்த ஒரு பேச்சு, மாற நினைத்த நாலு பேரை மறுபடி டிஏபி ரசாயன உர மூட்டைக்கே திருப்பிவிடுகிறது.

எங்களுக்கு வேண்டியது ஒன்றுதான்: உயிரோடு இருக்கும் உரம், நடவுக்கு முன்னால்.

பசுந்தாள் உரப் பயிரின் விதையும் இதே கதைதான். தக்கைப்பூண்டை விதைத்து, பூ எடுக்கும் 45 நாளில் மடக்கி உழுது, மட்கவிட்ட பிறகுதான் நாற்று நட முடியும். நட்டு முடித்த பிறகு "விதை வந்திருக்கு" என்று போன் செய்தால் எங்கே விதைப்பது? 2023இல் தமிழக அரசின் அங்கக (இயற்கை) வேளாண்மைக் கொள்கை வந்தது, அடுத்த ஆண்டே 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டமும் வந்தது. மனதார வரவேற்றோம். கூப்பிட்ட கூட்டத்துக்கெல்லாம் வந்தோம், கையெழுத்துப் போட்டோம், போட்டோவுக்கு நின்றோம். கொள்கை சென்னையில் இருக்கிறது, செத்த பாக்கெட் எங்கள் கையில் இருக்கிறது.

அடுத்து ஆடிப்பட்டம் வருகிறது. அதற்குள் காலாவதியான பாக்கெட்டுகளை டெப்போவிலிருந்து எடுத்துவிட்டு, புதிதாக வருவதை நிழலில் வைத்து, நடவுக்கு முன்னால் கிடைக்கச் செய்யுங்கள். பசுந்தாள் விதையை இரண்டு மாதம் முன்கூட்டியே கொடுங்கள். பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு காய்கறி விவசாயி