கனெக்டிங் ராடோடு கிராங்கையும் அனுப்புங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சென்ற மாதம் மூன்று பேர், எஞ்சினில் பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடுகளை மட்டும் பார்சலில் அனுப்பி, "பேரிங் ஊற்றித் தாருங்கள்" என்று சீட்டு வைத்திருந்தார்கள். மூவருக்கும் ஒரே பதில்தான் எழுதினோம்: பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஷாஃப்டும் வேண்டும். காரணத்தை எல்லோருக்கும் ஒருமுறை சொல்லிவிடுகிறோம்.

எங்களிடம் அதிகம் வருவது 1928–31 ஃபோர்டு மாடல் ஏ. இப்போதைய வண்டிக்கென்றால், இரண்டு அரைவட்டத் தகடுகளாகத் தயாராக வரும் ஷெல் பேரிங்கைக் கடையில் வாங்கி மாட்டிவிடலாம். மாடல் ஏ-க்கு, கிராங்கைப் பிடிக்கும் ராடின் பெரிய முனையான பிக் எண்டுக்குள்ளேயே வெள்ளை உலோகத்தை உருக்கி ஊற்றி, அளவுக்குக் கடைந்தெடுக்க வேண்டும். நாங்கள் ஊற்றும் கலவையில் 89 சதவீதம் வெள்ளீயம், ஏழரை ஆன்டிமனி, மூன்றரை செம்பு. பாட்டி ரசம் வைத்த ஈயச்சொம்புக்கு இது உறவுக்காரன்தான். சொம்பில் ரசம் இருக்கும்வரை அடுப்பு அதை ஒன்றும் செய்யாது. வெறும் சொம்பை ஏற்றினால் உருகி ஓடிவிடும். பேரிங்குக்கு எஞ்சின் ஆயில்தான் ரசம்.

ஊற்றுவதற்கு முன் ராடுக்கு வெள்ளீயம் பூசுகிறோம். பூச்சு பிடிக்காத இடத்தில் உலோகம் ஒட்டாது, சூடும் கடக்காது. விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். ஆறியபின் தட்டிப் பார்ப்போம். கணீரென்று கேட்க வேண்டும். 'பொத்'தென்றால் மறுபடி உருக்க வேண்டியதுதான். "கொஞ்சம் தடிமனாகவே ஊற்றுங்கள், நாளாக உழைக்கட்டும்" என்று சிலர் கேட்கிறார்கள். மெத்தென்ற உலோகம் தடித்தால் அடி தாங்காமல் சீக்கிரம் வெடிக்கும், ஐயா.

இனி கிராங்க் விஷயம். ராடு மாட்டும் உருளையான பகுதிதான் கிராங்க் பின்; மாடல் ஏ-யில் அதன் விட்டம் புதிதில் ஒன்றரை அங்குலம். தொண்ணூறு வருடம் ஓடியபின் நான்கு பின்களும் நான்கு அளவில் இருக்கும். பிஸ்டனின் அடி சுற்றிலும் ஒரே மாதிரி விழாததால் வட்டம் முட்டை வடிவாகியிருக்கும். பேரிங்குக்கும் பின்னுக்கும் நடுவே நாங்கள் விடும் இடைவெளி 0.001 முதல் 0.0015 அங்குலம், தலைமுடியின் கனம்கூட இராது. கிராங்க் பின்னே 0.002 அங்குலம் கோணியிருந்தால் ஒரு பக்கம் பிடிக்கும், மறுபக்கம் தட்டும். அப்போது கிராங்கை கிரைண்டிங் செய்து, அந்த அளவுக்கு ராடைக் கடைய வேண்டும். பின்னின் ஓரத்து வளைவில் பேரிங் விளிம்பு உரசுகிறதா என்பதும் கிராங்க் கையில் இருந்தால்தான் தெரியும்.

ஷெல் போடக்கூடிய மாற்று ராடு கேட்பவர்களுக்கும் செய்து தருகிறோம். ஆனால் கல்யாண ஊர்வலத்துக்கும் ஞாயிற்றுக்கிழமை ராலிக்கும் மட்டும் எடுக்கும் வண்டிக்கு அது வீண்செலவு என்றே நினைக்கிறோம். மாடல் ஏ-யில் ஆயில் ஃபில்டர் கிடையாது. பிக் எண்டின் கீழ்ப்பாதியான ராடு மூடியிலிருக்கும் சின்னக் கரண்டி, தட்டிலுள்ள ஆயிலை அள்ளித்தான் பேரிங்குக்குக் கொடுக்கிறது. அதோடு வரும் தூசியை மெத்தென்ற வெள்ளை உலோகம் தனக்குள் புதைத்துக்கொண்டு கிராங்கைக் காப்பாற்றும். தேய்ந்தாலும், மூடிக்கு இருபுறமும் உள்ள மெல்லிய தகடான ஷிம்களில் ஒவ்வொன்றை உருவி இறுக்கிக்கொள்ளலாம். ஒன்று மட்டும்: மேட்டில் டாப் கியரில் திணறத் திணற ஏற்றாதீர்கள். வேகமாக ஓட்டிக் கெட்ட பேரிங்கைவிட இப்படி நசுங்கியவற்றையே அதிகம் பார்த்திருக்கிறோம்.

அனுப்பும்போது கிராங்க் பின்களில் கிரீஸ் தடவி, மரப்பெட்டியில் வையுங்கள். ஒரு ராடின் மூடி இன்னொன்றுக்குச் சேராது. கழற்றும்போதே எண் குறித்து, ஜோடியாகக் கட்டிவிடுங்கள். பழைய ஷிம்களை எறிய வேண்டாம், அவையும் வரட்டும்.

இப்படிக்கு,
கடைசல் பட்டறையிலிருந்து