தம்பிக்கு, லொக் புத்தகத்தின்ர கதை

தம்பி ராசா,

கொம்மாவும் நானும் சுகம். எனக்கு முழங்கால் நோ மட்டும் மழைக்கு எழும்புது. நீ பிரம்டன் பக்டரியில மனேச்சரா வந்திட்டாய் எண்டு கேட்டதில இருந்து கொம்மா றோட்டால போறவாற ஆக்களை மறிச்சு மறிச்சுச் சொல்லுறா, எனக்கும் புளுகம்தான், ஆனா ஒண்டு சொல்லவேணும், போனில கதைச்சா "ஓமப்பா ஓமப்பா" எண்டு வச்சிடுவாய், அதுதான் எழுதுறன்.

காங்கேசன்துறை (கே.கே.எஸ்) சீமெந்து பக்டரி 1990ல சண்டையால நிண்டது, அதுக்கு மனேச்சர் என்ன செய்யிறது. நான் நிண்ட ஐஸ் பக்டரி குண்டு விழாமலே விழுந்தது. முதல் இருந்த மனேச்சர் காலமை ஏழுக்கே சைக்கிளில வந்து நேரா கொம்பிறசரடிக்குப் போவார், நிலத்தில ஒரு சொட்டு எண்ணெய் கிடந்தாலும் பழந்துணியால குனிஞ்சு தானே துடைப்பார், ஒருத்தரையும் பேசமாட்டார், ஆனா அடுத்தநாள் அவர் வரமுந்தியே நிலம் துடைபட்டிருக்கும். மணிக்கொருக்கா அமோனியா பிறசரை லொக் புத்தகத்தில எழுதவேணும், அவர் அதைப் பார்த்திட்டுத் தானும் போய் மீற்றரைப் பார்ப்பார்.

பேந்து வந்தவர் பத்துக்கு வந்து எட்டெண்டு சைன் வைப்பார். பக்டரி லொறியில அவற்ற வீட்டுக்கு மணல் போச்சுது. லொறிக்காரன் அதைப் பார்த்து டீசல் எடுத்தான், வோச்சர் லொறிக்காரனைப் பார்த்து உப்பு மூட்டை எடுத்தான். நானும் பார்த்தன் மோனை. இரவு சிப்ற்றில பத்து மணிக்கே விடியுமட்டுமான கணக்கை ஒரே இருப்பில எழுதிப்போட்டுச் சாக்கு விரிச்சுப் படுத்தனான். இதை உனக்கு இவ்வளவு நாளும் சொல்லேல்லை. எட்டு மணித்தியாலமும் அசையாத பிறசர், உலகத்திலயே அப்பிடி ஒரு மிசின் இல்லை! கொம்பிறசர் இறுகின இரவு என்ர சிப்ற் இல்லை, இருந்திருந்தாலும் அதுதான் நடந்திருக்கும். ஐஸ் இல்லாம மீன்காரர் வேற இடம் பார்த்திட்டினம், கொஞ்சக் காலத்தில கேற்றுக்குப் பூட்டு.

கலிபோர்னியாவில பிறீமொண்ட் எண்ட இடத்தில ஜெனரல் மோட்டர்ஸ் (ஜீ.எம்.) கொம்பனி தன்ர கார் பக்டரி ஒண்டை 1982ல மூடினவை, சனம் ஒழுங்கா வேலைக்கே வாறேல்லையாம். 1984ல ரொயோட்டாவோட சேர்ந்து திறக்கேக்க எடுத்தது கனபேர் அதே பழைய ஆக்கள்தான். மனேச்சர்மாருக்கு எண்டு தனிச் சாப்பாட்டறை இல்லை, தனிப் பார்க்கிங் இல்லை, பிழை கண்டா எந்த வேலையாளும் கயிறை இழுத்து லைனை நிப்பாட்டலாம். நிப்பாட்டினவனைப் பேசாம லீடர் ஓடிவந்து உதவி செய்வார். அதே பெடியள் அருமையான கார் செய்தவை. 2010ல அதுவும் மூடுபட்டதுதான், அதுக்கு முதல் வருசம் ஜீ.எம். கைவிட்டுது, அது கொம்பனிப் பிரச்சினை, பெடியளின்ர பிழையில்லை.

நீ ஒருநாள் அவசரத்தில சேப்டிக் கண்ணாடி போடாம உள்ளுக்குப் போனாலும், அதை நூறு பேர் பார்ப்பினம். நோட்டீஸ் போர்ட்டில என்ன ஒட்டியிருக்கெண்டு ஒருத்தரும் வாசிக்கமாட்டினம்.

கொம்மா மோர்மிளகாயும் ஒடியல் மாவும் கட்டி வச்சிருக்கிறா, பக்கத்து வீட்டு அன்ரி கனடா வரேக்க குடுத்துவிடுறம். முதல்நாள் எத்தினை மணிக்கு வேலைக்குப் போனனி எண்டு எழுது.

அப்பா