திண்ணையில் வந்து உட்கார்ந்த எல்லோருக்கும்

அன்பான தரங்கம்பாடி மக்களுக்கு,

வணக்கம். நம் ஊர் இனி எப்படி இருக்க வேண்டும் என்று ஐந்து மாதமாக நீங்கள் சொன்னதையெல்லாம் எழுதி, ஒரே கட்டாகத் தைத்து, போன திங்கட்கிழமை பேரூராட்சி அலுவலகத்தில் கொடுத்துவிட்டோம். முத்திரை குத்திய நகல் என்னிடம் இருக்கிறது. அன்றைக்கே எல்லோர் வீட்டுக்கும் வந்து நேரில் நன்றி சொல்லத்தான் நினைத்தேன். முட்டி வலி விடவில்லை. அதனால் இந்த மடல்.

இந்த வேலை எப்படித் தொடங்கியது என்று சிலருக்குத் தெரியாது. நம் ஊரின் எதிர்காலத்துக்காக யாரோ போட்ட ஒரு வரைபடம் என் கைக்கு வந்தது. அதில் டேனிஷ் கோட்டை அழகாக வரையப்பட்டிருந்தது. சீயோன் தேவாலயம், புதிய எருசலேம் தேவாலயம், நகர வாயில், மாசிலாமணிநாதர் கோயில் எல்லாம் பெயரோடு இருந்தன. நம் வீடுகள் மட்டும் பெயரில்லாத சாம்பல் நிறக் கட்டங்களாக இருந்தன. கோட்டையைக் கட்டியவர்கள் 1620இல் வந்து 1845இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். அவர்கள் வருவதற்கு முந்நூறு வருஷத்துக்கு முன்பே, 1306இல், குலசேகர பாண்டியன் காலத்தில் இங்கே கோயில் எழும்பியிருக்கிறது. அப்போதும் இங்கே ஆட்கள் குடியிருந்தார்கள், இப்போதும் இருக்கிறோம். அந்தக் கட்டங்களுக்குள் இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டால் என்ன என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் வீட்டுத் திண்ணையில் பாயை விரித்தேன். முதல் வாரம் மூன்று பேர் வந்தார்கள். நாலாவது வாரம் திண்ணை போதாமல் தெருவில் பெஞ்சு போட்டோம்.

முதல் நன்றி, கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பேசிய கருவாட்டுக்கார அக்காவுக்கு. கோட்டைக்கு எதிரே பூங்கா வந்தால் நன்றாக இருக்கும் என்று நாங்கள் நாலைந்து பேர் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தோம். "டீச்சர், நீங்க பூ வைக்கச் சொல்ற மணல்லதான் நாங்க வலை காய வைக்கிறோம்" என்றார் அவர். அதற்கு மேல் அன்றைக்கு யாராலும் பேச முடியவில்லை. நாற்பது வருஷமாக அந்த மணலைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போனவள் நான். அங்கே விரித்திருந்த வலையைப் பார்த்திருக்கிறேனே தவிர, அது ஒருவருடைய வேலையிடம் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அடுத்த வாரம் அவரே இன்னும் நாலு பெண்களைக் கூட்டி வந்து எங்கே வலை, எங்கே கருவாடு, எந்த நேரத்தில் ஏலம் என்று குச்சியால் மண்ணில் போட்டுக் காட்டினார். நாங்கள் தைத்த கட்டில் இருக்கும் முதல் படம் அதுதான். மணல் அப்படியே இருக்கட்டும், விற்கிற இடத்தில் நிழலும் ஒரு குழாயும் வேண்டும் என்று அதன் கீழே எழுதியிருக்கிறோம்.

ஆட்டோ ஓட்டும் தம்பிக்கு நன்றி. ஊருக்கு வருகிறவர்கள் என்றாலே வெளிநாட்டுக்காரர்கள்தான் என் நினைவுக்கு வருவார்கள். அவர் அதை மாற்றினார். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் முடித்த கையோடு வேன் வேனாக இங்கே வருகிறவர்கள்தான் அதிகம் என்று அவர் சொன்ன பிறகுதான் நானும் கவனித்தேன். மாலையும் பட்டுமாக ஒரு தாத்தா பாட்டி, கூடவே இருபது முப்பது உறவுக்காரர்கள். ஒரு மணி நேரம் கடலைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். எண்பது வயதுக்காரருக்குக் கோட்டையைச் சுற்றி உட்கார நிழல் இல்லை, அவசரத்துக்குப் போகச் சுத்தமான கழிப்பறை இல்லை. இந்த இரண்டும் இருந்தால் அவர்கள் இன்னும் இரண்டு மணி நேரம் இருப்பார்கள், சாப்பிடுவார்கள், ஏதாவது வாங்குவார்கள் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். இதற்குப் பெரிய நிபுணர் யாரும் வேண்டியதில்லை.

கொத்தனார் அண்ணனுக்கு நான் தனியாகக் கடன்பட்டிருக்கிறேன். சில வருஷத்துக்கு முன் என் வீட்டுப் பழைய சுவருக்கு ஒருவரை வைத்துச் சிமெண்டுப் பூச்சு பூசினேன். பார்க்கப் பளிச்சென்று இருந்தது. இரண்டு மழைக்காலம் போனதும் பாளம் பாளமாக விழுந்தது. அண்ணன் வந்து விரலால் சுவரைச் சுரண்டினார். உள்ளே செங்கல் மாவாக உதிர்ந்தது. நம் ஊரில் காற்றிலும் உப்பு, தரையிலிருந்து சுவரில் ஏறும் ஈரத்திலும் உப்பு. சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்டு அதை உள்ளேயே அடைத்துப் போடும். உப்பு உள்ளேயே பூத்துச் செங்கல்லை அரித்துவிடும். இதை அவர் சொன்னதோடு நிற்கவில்லை. என் கொல்லைச் சுவரிலேயே சுண்ணாம்பை ஊறப் போட்டு, மணல் கலந்து அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டுப் பூசிக் காட்டினார். பத்துப் பையன்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். கூலி வாங்க மாட்டேன் என்றுவிட்டார். இந்த வேலை தெரிந்தவர்கள் ஊரில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கிறார்கள், பையன்களுக்குச் சம்பளத்தோடு கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது அவருடைய யோசனை. அதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதியிருக்கிறோம்.

அப்புறம், பூட்டிக் கிடக்கிற வீடுகள். இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் நம் தெருக்களை அழிப்பது கடலைவிட இதுதான் என்று நான் இப்போது நம்புகிறேன். சுனாமிக்கு அப்புறம் கோட்டைப் பக்கம் சில வீடுகளைப் பழைய முறையிலேயே சீர்படுத்தினார்கள், பார்த்திருக்கிறோம். பணமும் ஆளும் இருந்தால் காப்பாற்ற முடியும் என்று அதில் தெரிந்தது. ஆனால் தூணும் முற்றமும் உள்ள எத்தனையோ வீட்டில் பணம் பிரச்சினையே இல்லை. தாத்தா பெயரில் பட்டா. வாரிசு ஏழு பேர். ஒருவர் சென்னை, ஒருவர் சிங்கப்பூர், ஒருவர் எங்கே என்றே தெரியாது. யாரும் தனியாக ஓடு மாற்ற முடியாது, மாற்றினால் அண்ணன் தம்பிக்குள் சந்தேகம். ஓடு உடைந்து, மழை இறங்கி, உத்திரம் உளுத்து, ஒரு நாள் ராத்திரி கூரை உட்கார்ந்துவிடும். பாகம் பிரித்தாலும் வீடு போச்சு. முற்றத்துக்குக் குறுக்கே சுவர் எழுப்பினால் அதற்கப்புறம் அது வீடு இல்லை, காற்றும் வெளிச்சமும் இல்லாத இரண்டு கொட்டகை.

இதற்கு வழி சொன்னவர் ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர் ஐயா. சொத்தைப் பிரிக்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம். வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு இருபது வருஷக் குத்தகைக்கு விடலாம். எடுக்கிறவர் செலவு செய்து சீர்படுத்தி, தங்கும் விடுதியோ நூலகமோ தறிக்கூடமோ நடத்திக்கொள்ளட்டும். வாடகை அவரவர் பங்குப்படி போய்ச் சேரும். உரிமை குடும்பத்திலேயே இருக்கும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிவு செய்தாக வேண்டும், அதனால் பிற்பாடு யாரும் ஏமாற்றினார்கள் என்று சொல்ல இடமில்லை. ஐயா மாதிரிப் பத்திரம் ஒன்றைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார். அதைப் பார்த்துவிட்டு ராணி வீதியில் ஒரு குடும்பம், பதினோரு வருஷமாகப் பேசிக்கொள்ளாத இரண்டு சகோதரர்கள், ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசினார்கள். கையெழுத்து இன்னும் ஆகவில்லை. ஆனால் சாவியை எடுத்து வந்து கதவைத் திறந்து, உள்ளே முளைத்திருந்த அரசங்கன்றை இரண்டு பேரும் சேர்ந்து பிடுங்கினார்கள். அந்த அண்ணன் தம்பிக்கு என் மனமார்ந்த நன்றி.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே, உங்களை மறக்கவில்லை. 1714-15இல் சீகன்பால்கு பாதிரியார் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்த ஊரில் நாங்கள் தொட்டுப் பார்க்க ஒரு அச்சு எழுத்துகூட இல்லையே என்று கேட்டீர்கள். ஜெர்மனியிலிருந்து வந்த எழுத்துகள் பெரிதாக இருந்ததால் காகிதம் கட்டுப்படியாகாமல், சின்ன எழுத்தை இங்கேயே வார்த்தார்கள் என்று நான் சொன்னதும் உங்களில் ஐந்து பேர் அந்த வாரமே சைக்கிளில் பொறையாறு போய், காகிதம் செய்த இடத்தின் பெயரைத் தாங்கி நிற்கும் கடுதாசிப்பட்டறையைப் பார்த்துவிட்டு வந்தீர்கள். வருகிறவர்கள் தங்கள் பெயரைத் தமிழில் கோத்து அச்சடித்து எடுத்துப் போகும்படி ஒரு சின்ன அச்சுக்கூடம் வேண்டும் என்ற உங்கள் யோசனையை, நீங்கள் போட்ட படத்தோடு சேர்த்திருக்கிறோம். தில்லையாடி வள்ளியம்மை நினைவிடத்தையும் அதே பயணத்தில் சேர்த்தது நல்ல புத்தி.

1986இல் நின்றுபோன மயிலாடுதுறை ரயிலைத் திரும்பக் கேட்ட பெரியவருக்கும் நன்றி. நிலையங்களின் பெயரை வரிசை தப்பாமல் சொன்னீர்கள் ஐயா. அப்படியே எழுதியாயிற்று.

சண்டை போட்டவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும், மனதாரத்தான் சொல்கிறேன். நகர வாயிலுக்கு உள்ளே வண்டியே வரக் கூடாது என்று ஒரு பக்கம். வண்டி வராவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்று ராஜ வீதிக் கடைக்காரர்கள். இரண்டு வாரம் குரல் உயர்ந்தது. பள்ளிவாசல் தெரு பாய்தான் நடுவில் வந்தார். சுற்றுலா வேன்கள் வாயிலுக்கு வெளியே நிற்கட்டும், சரக்கு வண்டி காலை எட்டு மணிக்குள் வந்து போகட்டும், நடக்க முடியாதவர்களை உள்ளூர் ஆட்டோ ஏற்றி வரட்டும் என்றார். எல்லோருக்கும் முழுத் திருப்தி இல்லை. ஒத்துக்கொள்ளாதவர்களின் கருத்தையும் பெயர் போடாமல் தனிப் பக்கத்தில் சேர்த்திருக்கிறோம், யாரும் விடுபடவில்லை.

இனி எழுதுவது எனக்குக் கஷ்டமான பகுதி. 2004 டிசம்பர் 26 அன்று மகளைப் பறிகொடுத்த ஒரு அம்மா, எங்கள் கூட்டத்தில் பல வாரம் ஒன்றும் பேசாமல் கடைசியில் உட்கார்ந்திருந்தார். ஒரு நாள் எழுந்து, "இப்ப இருக்கிற பிள்ளைங்க அதுக்கு அப்புறம் பொறந்ததுங்க. எந்தப் பக்கம் ஓடணும்னு அதுங்களுக்குத் தெரியாது" என்றார். கோட்டையையும் கோயிலையும் காப்பாற்றுவதைப் பற்றி எத்தனை பக்கம் எழுதியிருந்தோம். இது எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. மறுநாளே தெருத்தெருவாக நடந்து, எந்தச் சந்து முட்டுச்சந்து, எந்த வழி மேற்கே அகலமாகப் போகிறது, படுத்த படுக்கையாக இருப்பவர்கள் எந்த வீட்டில் என்று குறித்தோம். அந்த அம்மா கூடவே நடந்தார். ஓட வேண்டிய வழியைச் சுவரில் அம்புக்குறியால் காட்ட வேண்டும், வருஷத்துக்கு இரண்டு தடவை பள்ளிக்கூடத்தில் ஒத்திகை நடத்த வேண்டும் என்பது இப்போது கட்டின் முதல் பக்கத்தில் இருக்கிறது. வேறு எதையும் அதற்கு முன்னால் வைக்க எங்களுக்கு மனம் வரவில்லை. அம்மா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் மகள் என் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவள் கையெழுத்து எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

நகல் மூன்று எடுத்திருக்கிறோம். ஒன்று மீனவர் பஞ்சாயத்தார் வசம், ஒன்று பள்ளிக்கூடத்தில், ஒன்று என் வீட்டில். யார் வேண்டுமானாலும் வந்து படிக்கலாம். விட்டுப்போனது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், இரண்டாவது கட்டில் சேர்ப்போம். பதில் வந்ததும் மறுபடி பாயை விரிப்பேன்.

வாராவாரம் சுண்டலும் டீயும் கொண்டு வந்தவர்களுக்கு ஒரு செய்தி. இரண்டு தூக்குவாளியும் மூடியில் மீன் படம் கீறிய ஒரு சம்படமும் என் திண்ணையில் இருக்கின்றன. கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன், வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்