முப்பது பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர்: அமெரிக்கக் காங்கிரஸுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். அரிசோனாவில் குடியிருந்து உங்கள் அரசுக்கு வரி கட்டும் தமிழர்களில் நானும் ஒருவன். தமிழில் எழுதக் காரணம், இதை முதலில் படிக்கப்போவது இங்கிருக்கும் என் ஆட்கள்தான். அவர்களில் ஓட்டு இருக்கிறவர்கள் உங்களிடம் நேரிலேயே கேட்பார்கள் என்று நம்புகிறேன்.

கேட்க வந்தது ஒன்றுதான். அமெரிக்கப் பழங்குடி மக்கள் தாங்களே நடத்தும் பழங்குடிக் கல்லூரிகளுக்குச் சட்டத்தில் நீங்களே எழுதிவைத்த தொகையை முழுசாகக் கொடுங்கள்.

இதைச் சலுகை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. இது கடன் பாக்கி. 1864இல் நவஹோ என்ற பழங்குடி மக்களை, அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயரில் டினே மக்களை, உங்கள் ராணுவம் சொந்த மண்ணிலிருந்து கிளப்பி நியூ மெக்சிகோவின் பாஸ்க் ரெடோண்டோ வரை நடக்கவைத்தது. நடந்தவர்களில் கர்ப்பிணிகள் இருந்தார்கள், கிழவர்கள் இருந்தார்கள், வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். நான்கு வருடம் அங்கே அடைத்து வைத்துவிட்டு, 1868 ஜூனில் ஒப்பந்தம் போட்டு ஊர் திரும்ப விட்டீர்கள். அந்த ஒப்பந்தத்தின் ஆறாவது பிரிவில் ஒரு வாக்கு இருக்கிறது: முப்பது பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம், ஒரு ஆசிரியர்.

அப்புறம் வந்த பள்ளிகள் எப்படி இருந்தன என்று உங்களுக்கே தெரியும். தலைமுடியை வெட்டினார்கள், வீட்டுமொழி பேசினால் அடித்தார்கள். இதில் எனக்கு ஆறவே ஆறாத விஷயம் ஒன்று உண்டு. பள்ளியில் எந்த மொழிக்காக அடி வாங்கினார்களோ அதே மொழியில் ரகசியச் செய்தி அனுப்பத்தான் 1942இல் நவஹோ இளைஞர்களைக் கடற்படைக் காலாட்படையில் சேர்த்துக்கொண்டீர்கள்.

ஒப்பந்தம் போட்டுச் சரியாக நூறு வருடம் கழித்து, 1968இல், அந்த மக்களே ஒரு கல்லூரி தொடங்கினார்கள். அமெரிக்காவில் ஒரு பழங்குடி தானே தொடங்கித் தானே நடத்திய முதல் கல்லூரி அதுதான். சொந்தக் கட்டடம் கிடையாது. 1969 ஜனவரியில் அரிசோனாவின் மெனி ஃபார்ம்ஸ் என்ற ஊரில் ஒரு உயர்நிலைப் பள்ளியின் இடத்தில் வகுப்புகள் ஆரம்பித்தன. முதல் தலைவர் ராபர்ட் ரோசல். அவருக்குப் பின் வந்த நெட் ஹடாத்லி, அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் நவஹோ. நெசவும் வெள்ளி வேலையும் நவஹோ மொழியும் அங்கே பாடங்களாயின. பெரியவர்கள் தங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டிருந்த அந்த நெடுநடையின் கதைகளைக் கல்லூரியே பதிப்பகம் வைத்து அச்சிட்டது.

இப்போது அதன் பெயர் டினே கல்லூரி, இருப்பது சேய்லியில். நான் ஒரு இலையுதிர்காலக் காலையில் போயிருந்தேன். சுற்றிலும் மலை, நல்ல குளிர். வளாகமே ஒரு ஹோகன், அதாவது அவர்களுடைய வீட்டின் வடிவில் வட்டமாக அமைந்திருக்கிறது. ஹோகனின் வாசல் எப்போதும் கிழக்கே பார்க்கும், இங்கேயும் நுழைவு கிழக்கேதான். வீட்டில் சடங்கு நடக்கும்போது மருந்து மூட்டையை, அதாவது அவர்களுடைய புனிதப் பொருள்கள் உள்ள மூட்டையை, வைக்கும் இடம் எதுவோ அந்தத் திசையில் நூலகத்தைக் கட்டியிருக்கிறார்கள். எனக்கு அங்கே கொஞ்ச நேரம் நகரவே தோன்றவில்லை. பூஜை அறை இருக்க வேண்டிய மூலையில் புத்தகத்தை வைத்த மக்கள் இவர்கள் என்றுதான் மனசு சொன்னது.

இதைப் பார்த்து மற்றவர்களும் கட்டினார்கள். 1973இல் ஆறு கல்லூரிகள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு ஆரம்பித்தன. இன்று நாடு முழுக்க முப்பதுக்கு மேல். 1978இல் இவற்றுக்கென்று நீங்கள் சட்டம் இயற்றினீர்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பின்னால் திருத்திய அந்தச் சட்டத்தில் ஒரு பழங்குடி மாணவருக்கு 8,000 டாலர், அதையும் விலைவாசிக்கு ஏற்ப உயர்த்த வேண்டும் என்று இருக்கிறதே, அந்தக் கணக்குக்கு நீங்கள் ஒதுக்குவது எப்போதும் பின்தங்கியே இருக்கிறது. பழங்குடி அல்லாத மாணவர் அதே பெஞ்சில் உட்கார்ந்து படித்தால் அவருக்கு இந்தச் சட்டத்தில் ஒரு காசு கிடையாது. கல்லூரிகள் அவர்களையும் சேர்த்துக்கொண்டுதான் இருக்கின்றன.

நிலத்தின் கதையைச் சொன்னால் இன்னும் வலிக்கும். 1862இல் மாநிலப் பல்கலைக்கழகங்களை வளர்க்க நிலம் பங்கிட்டுக் கொடுத்தீர்களே, பழங்குடிகளிடமிருந்து எடுத்த நிலம்தானே அது? அந்தப் பட்டியலில் பழங்குடிக் கல்லூரிகளின் பெயரைச் சேர்க்க 1994 வரை, 132 வருடம் ஆனது. அப்போதும் நிலம் தரவில்லை. ஒரு நிதியின் வட்டியில் பங்கு கொடுத்தீர்கள்.

இவ்வளவுக்கும் பிறகு, 2026 நிதியாண்டில் பழங்குடி உயர்கல்விக்கான தொகையை 18 கோடி டாலருக்கு மேலிருந்து 2 கோடிச் சொச்சத்துக்குக் குறைக்கலாம் என்று நிர்வாகம் யோசனை அனுப்பியது. அப்படி வெட்டினால் எத்தனை வகுப்பறைகளைப் பூட்ட வேண்டியிருக்கும்? மண் ரோட்டில் மணிக்கணக்காக வண்டி ஓட்டி வந்து படிக்கிற பிள்ளைக்குப் பக்கத்தில் வேறு கல்லூரி எங்கே இருக்கிறது?

அடுத்த நிதி ஒதுக்கீடு உங்கள் மேஜைக்கு வரும்போது சட்டத்தில் உள்ள தொகையை விலைவாசி ஏற்றத்தோடு கணக்குப் போட்டு எழுதுங்கள். கையெழுத்துப் போடும் முன்னால் ஒரு நாள் ஒதுக்கிச் சேய்லிக்குப் போய்வாருங்கள். கிழக்கு வாசல் வழியாக உள்ளே போய் முதலில் அந்த நூலகத்தைப் பாருங்கள்.

இப்படிக்கு,
அரிசோனாவில் வசிக்கும் ஒரு தமிழன்