‘ஒரு மலர் (3)’ என்றால் எந்த மலர்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்குத் தோவாளையில் பூக்கடை. காலைச் சந்தை ஓய்ந்ததும் கல்லாவில் உட்கார்ந்தபடியே உங்கள் ஞாயிறு இணைப்பின் குறுக்கெழுத்தைப் போடுவது வழக்கம். சென்ற வாரம் இடமிருந்து வலம் முதல் குறிப்பே ‘ஒரு மலர் (3)’. இதெல்லாம் ஒரு குறிப்பா? அல்லி, அரளி, பிச்சி, குவளை, தாமரை என எத்தனையோ பூவுக்கு மூன்றெழுத்துதான். மேலிருந்து கீழ் வரும் விடையில் ‘லை’ கிடைத்த பிறகுதான் முல்லை என்று எழுத முடிந்தது.

பூப்பெயர்களில் விளையாட எவ்வளவோ இடம் இருக்கிறது. ‘கொடு, மான் (3)’ என்று கேட்டிருக்கலாம்: தா, மரை. மரை ஒரு மான் என்று தெரியாதவர்கள் அகராதியைப் புரட்டட்டுமே, என்ன நஷ்டம்? ‘சாம்பாரில் கிள்ளிப் போடுவது கையோடு சேர்ந்தால் மணக்கும் (4)’ என்றால் மல்லிகை. ‘செத்துப்போ, குரங்கே (4)’ என்றால் சாமந்தி. இதைச் சொன்னதும் கடைப் பையன் கட்டிக்கொண்டிருந்த மாலையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான்.

எனக்குப் பிடித்தது தும்பை. ‘வாலைப் பிடித்தவர் விட்ட போர்க்களப் பூ (3)’. பழமொழியில் விட்டது கன்று கட்டும் தும்பை. நேருக்கு நேர் போரிடும்போது வீரர்கள் சூடியது தும்பைப் பூவை. வேலியோரம் சும்மா கிடக்கிற செடி அது, என் கடைக்கு விலைக்கு வருவதில்லை. சிவபூஜைக்கென்று கேட்டு வருபவர்களைக் குளத்தங்கரைக்குக் கைகாட்டி அனுப்புவேன். சின்ன வயதில் அந்த வெள்ளை இதழைப் பிடுங்கி அடியில் இருக்கும் தேனை உறிஞ்சாதவர்கள் எங்கள் பக்கம் குறைவு.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை அடுக்குகிறார். உங்கள் கட்டங்களிலோ மல்லிகை, முல்லை, தாமரை, ரோஜா இந்த நாலும்தான் மாறி மாறி வருகின்றன. வெட்சி, நொச்சி, வாகை எல்லாம் எங்கே போயின? எங்கள் ஊரில் மூட்டை மூட்டையாக இறங்கும் கேந்திக்கும் ஒரு கட்டம் கொடுங்கள். கடினமாக இருக்கிறது என்று சிலர் குறைப்படலாம். அவர்களுக்காகப் பக்கத்திலேயே இரண்டு எளிய குறிப்புகளைப் போட்டுவிட்டால் சரியாகிவிடும்.

நான் எழுதிய ஒன்று: ‘சிவன் கோயில் காளையில் தொடங்கி வெள்ளையாகப் பூக்கும் (7)’. பிடித்திருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். விடையை உங்களுக்கும் சொல்லப்போவதில்லை.

இப்படிக்கு,
ஒரு பூக்கடைக்காரர்,
தோவாளை.