கடைசியில் வருபவருக்கும் தண்ணீர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பரிசுக்காக ஓடுகிறவன் அல்லன் நான், மாரத்தானின் 42.195 கிலோமீட்டரைக் கடக்க எனக்கு ஐந்தரை மணி நேரம் ஆகிறது. 2004இல் தொடங்கிய மும்பை மாரத்தானில், கால்கள் கெஞ்சும் கடைசிக் கட்டத்தில்தான் பெடர் சாலை ஏற்றம் வருகிறது. ஆனால் அங்கே குடியிருப்போர் சாலையோரம் நின்று ஆரஞ்சுச் சுளைகளையும் உப்பையும் நீட்டுவதால் பாதிக் களைப்பு தீர்ந்துவிடும். சென்னையில் அத்தகைய மேடு இல்லை என்றாலும், நேப்பியர் பாலத்தருகே விடியுமுன் கிளம்பியும் பத்தாவது கிலோமீட்டருக்குள் கடற்காற்றின் ஈரத்தில் சட்டை பிழியும் அளவுக்கு நனைந்துவிடுகிறது.

வேறொரு நகரில் (பெயர் வேண்டாம்) 34ஆவது கிலோமீட்டரில், மிதிபட்ட காகிதக் குவளைகளுக்கு நடுவே தன்னார்வலர் மேசையை மடித்துக்கொண்டிருந்தார். "தீர்ந்துபோச்சு சார்" என்றார், அவர் மீது பிழையில்லை. எதிரே இருந்த டீக்கடைக்காரர் தந்த ஒரு செம்புத் தண்ணீர்தான் என்னைக் கரைசேர்த்தது. முன்னே ஓடுவோர் வெயில் ஏறுமுன் முடித்துவிடுகிறார்கள். பின்னே வருவோரே வெயிலில் நெடுநேரம் வியர்க்கிறார்கள். எனவே கடைசி பத்துக் கிலோமீட்டருக்கான தண்ணீரையும் உப்புக் கரைசலையும் தனியே ஒதுக்கி, ஓட்டம் முடியும் அறிவிக்கப்பட்ட நேரம்வரை மேசைகளை அகற்றாதிருக்குமாறு அமைப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சென்னை